உண்பவருக்காக நிற்பவர் யார்? பிரிட்டனின் மாட்டு நோய் தந்த பாடம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் கருணையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! கடைத்தெருவில் இறைச்சி வாங்கும்போது நாம் பொதுவாக ஒரு கேள்வியை மட்டுமே கேட்கிறோம். அறுத்தவர் யார், முறைப்படி அறுத்தாரா என்பதே அக்கேள்வி. அப்பிராணி எதைத் தின்று வளர்ந்தது, அதற்கு நோய் இருந்ததா, அதைச் சோதித்தவர் யார், சோதித்தவர் யாருடைய நலனுக்காகச் சோதித்தார் என்பனவற்றை நாம் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரால் பதில் சொல்ல இயலாது. தனி மனிதர் எவராலும் விசாரித்து அறிய முடியாத இக்கேள்விகளை அனைவருக்காகவும் கேட்க வேண்டியது ஆட்சிப் பொறுப்பில் இருப்போரின் கடமையாகும். அக்கடமையில் ஒரு வல்லரசு தவறியபோது என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முஹ்தஸிபின் பணி

தானியக் குவியல் ஒன்றினுள் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் கரத்தை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. பிற்கால இஸ்லாமிய நகரங்களில் இப்பணி ‘ஹிஸ்பா’ என்னும் துறையாக வளர்ச்சியடைந்தது. அதன் அதிகாரி முஹ்தஸிப் எனப்பட்டார்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ (ரஹ்) அவர்கள் முஹ்தஸிப்களுக்கென ஒரு கைநூல் எழுதினார்கள். ரொட்டிக்கு மாவு பிசைபவர் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஈ ஓட்ட ஓர் ஆள் அருகில் நிற்க வேண்டும். கசாப்புக்காரர் கடைவாசலில் அறுத்து வீதியை இரத்தத்தால் அசுத்தப்படுத்தக் கூடாது. வியாபாரம் முடிந்ததும் வெட்டும் கட்டையின் மீது உப்புத் தூவ வேண்டும். வெள்ளாட்டு இறைச்சியைச் செம்மறி இறைச்சியோடு கலக்கக் கூடாது. கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இரவில் சமைக்கப்படும் ஹரீஸா பானைகளுக்கு முஹ்தஸிபின் முத்திரை இடப்பட வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு தொழிலின் நுணுக்கமும் அதில் நடக்கக்கூடிய மோசடியும் அந்நூலில் பேசப்படுகின்றன. இவை அனைத்திற்கும் முன்பாக முஹ்தஸிபுக்கே ஒரு நிபந்தனை விதிக்கப்படுகிறது. தாம் கண்காணிக்கும் வணிகர்களிடமிருந்து அவர் அன்பளிப்புப் பெறக் கூடாது. விற்பவரின் இலாபத்தில் பங்கு கொண்டவர் உண்பவரின் காவலராக இருக்க முடியாது என்பதே அந்நிபந்தனையின் உட்பொருள்.

இந்த எளிய உண்மையை மறந்ததற்கான விலையை எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டன் கொடுக்க நேர்ந்தது.

தடுமாறிய பசுக்கள்

1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சஸெக்ஸ் வட்டாரத்தில் ஒரு பண்ணைக்குக் கால்நடை மருத்துவர் அழைக்கப்பட்டார். பசு ஒன்று முதுகு வளைந்து, உடல் மெலிந்து நின்றது. பின்னர் அதன் தலை நடுங்கியது, கால்கள் தடுமாறின. 1985 பிப்ரவரியில் அது இறந்தது. அதே பண்ணையில் வேறு பசுக்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. பிற இடங்களிலும் சாதுவான பால் மாடுகள் அச்சமுற்று உதைப்பதும், நிற்க முடியாமல் விழுவதுமான செய்திகள் வரத் தொடங்கின.

1986 நவம்பரில் வேய்பிரிட்ஜ் நகரிலிருந்த அரசின் மத்தியக் கால்நடை ஆய்வுக்கூடம் இதனைப் புதிய நோயென இனங்கண்டது. இறந்த மாடுகளின் மூளையில் நுண்ணிய துளைகள் விழுந்து அது கடற்பஞ்சு போலக் காணப்பட்டது. மருத்துவ உலகம் இதற்கு பி.எஸ்.இ. என்று பெயரிட்டது. பத்திரிகைகள் ‘மேட் கவ்’ நோய் என்றன. இதனைப் பரப்புவது பாக்டீரியாவோ வைரஸோ அல்ல, ‘பிரியான்’ என்னும் உருத்திரிந்த புரதமே என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் கருதுகின்றனர். சாதாரணச் சமையல் சூட்டில் அது அழிவதில்லை. மாட்டின் உடலில் புகுந்தபின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் எவ்வித அறிகுறியுமின்றித் தங்கியிருக்கும். ஆகவே நோய் கண்டறியப்பட்ட வேளையில் ஏறக்குறைய 50,000 மாடுகளுக்கு அது ஏற்கெனவே தொற்றியிருக்கலாம் எனப் பின்னாளில் கணக்கிடப்பட்டது.

நோய் எங்கிருந்து வந்தது? அரசுக் கால்நடை மருத்துவர் ஜான் வைல்ஸ்மித் பண்ணை பண்ணையாக விவரம் திரட்டினார். 1987ஆம் ஆண்டின் இறுதியில் விடை கிடைத்தது. இறைச்சிக் கூடங்களில் மிஞ்சும் எலும்பு, குடல், மூளை முதலிய கழிவுகளை ஆலைகளில் உருக்கி, கொழுப்பைப் பிரித்தபின் எஞ்சுவதைத் தூளாக்கி, புரதச் சத்துக்காக மாட்டுத் தீவனத்தில் கலந்து வந்தனர். புல் மேயும் பிராணிக்கு, அதன் இனத்தின் உடலே உணவாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நோயுற்ற ஒரு மாட்டின் மிச்சம் நூற்றுக்கணக்கான மாடுகளின் தொட்டியில் விழுந்தது.

தடை வந்தது, கண்காணிப்பு வரவில்லை

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1988 ஜூனில் இந்நோயை அறிவிப்பது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. 1988 ஜூலை 18 முதல் அசைபோடும் பிராணிகளுக்கு இறைச்சி எலும்புத் தூள் கலந்த தீவனம் தடை செய்யப்பட்டது. அறிகுறி தென்பட்ட மாடுகளை ஆகஸ்டு முதல் அரசே கொன்று அழித்தது. 1989 நவம்பரில் மாட்டின் மூளை, தண்டுவடம், மண்ணீரல், குடல் முதலியவற்றை மனித உணவில் சேர்ப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடுக்கப்பட்டது. இக்கடைசித் தடை பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒவ்வொரு நடவடிக்கையிலும் ஓர் ஓட்டை இருந்தது. நஞ்செனத் தெரிந்த தீவனத்திற்குத் தடை விதிக்கும்போதும், கையிருப்பை விற்றுத் தீர்ப்பதற்கென ஐந்து வார அவகாசம் அளிக்கப்பட்டது. பன்றிக்கும் கோழிக்கும் அதே தூளைக் கொடுப்பது தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் தயாராயின. ஒரு மிளகு அளவு தூளே ஒரு மாட்டுக்கு நோய் தரப் போதும் என்பதைப் பின்னர்தான் அறிந்தனர். தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளிலேயே 40,000க்கும் மேற்பட்டவை நோயுற்றன. எல்லாப் பண்ணைப் பிராணிகளுக்கும் அத்தூள் முற்றாகத் தடை செய்யப்பட்டது 1996இல்தான். அதுவரை உள்நாட்டு மாடுகளுக்கு ஆகாதென்று விலக்கப்பட்ட பொருள் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. தனக்குத் தீங்கென அறிந்ததைப் பிறருக்கு விற்கும் இச்செயலை என்னவென்று சொல்வது!

இழப்பீட்டிலும் தடுமாற்றம் இருந்தது. நோய் உறுதியான மாட்டுக்கு அதன் மதிப்பில் பாதியே முதலில் வழங்கப்பட்டது. அறிகுறி தோன்றியவுடன் அறிவிக்காமல் சந்தைக்கு அனுப்பிவிடும் எண்ணம் பண்ணையாளருக்கு வராதா என்ற கேள்வி எழுந்தது. 1990 பிப்ரவரியில்தான் முழு மதிப்பும் வழங்கப்பட்டது. இறைச்சிக் கூடங்களிலோ தண்டுவடத்தை முழுமையாக அகற்றும் பணி அலட்சியமாக நடந்தது. 1995இல் அரசுக் கால்நடை மருத்துவர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது, தகுதியுடையதென முத்திரையிடப்பட்ட உடல்களிலும் தண்டுவடத்தின் துண்டுகள் ஒட்டியிருந்தன. முதுகெலும்பிலிருந்து இயந்திரத்தால் சுரண்டியெடுத்த இறைச்சி, மலிவான பதார்த்தங்களில் சேர்க்கப்பட்டு வந்தது. 1995 டிசம்பரில்தான் அது நிறுத்தப்பட்டது.

‘தொலைவான வாய்ப்பு’

மனிதருக்கு ஆபத்து உண்டா என்பதை ஆராய 1988இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் சர் ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. செம்மறி ஆடுகளுக்கு ஸ்கிரேப்பி என்னும் இதுபோன்ற நோய் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. அதனால் மனிதர் பாதிக்கப்பட்டதாகச் சான்றில்லை. மாட்டு நோயும் அவ்வாறே இருக்கும் என்று குழு கருதியது. மனிதருக்கு ஆபத்து நேரும் வாய்ப்பு மிகத் தொலைவானது என்று 1989 பிப்ரவரியில் அது அறிக்கை தந்தது. அதே அறிக்கையில், தங்கள் கணிப்பு தவறானால் விளைவு மிகக் கடுமையானதாக இருக்கும் என்ற எச்சரிக்கையும் இடம்பெற்றிருந்தது.

சகோதரர்களே! இங்கேதான் வரலாறு திரும்பியது. அறிக்கையின் முதற்பாதி மேடைதோறும் ஒலித்தது. பிற்பாதி கோப்புகளில் உறங்கியது. அது ஓர் ஊகம், மறுபரிசீலனைக்கு உரியது என்பதை மறந்து, முடிந்த தீர்ப்பாகவே அதனை மேற்கோள் காட்டினர்.

1990 மே மாதம் பிரிஸ்டல் நகரில் ஒரு வீட்டுப் பூனை இதே வகை நோயால் இறந்தது தெரியவந்தது. இன எல்லையை இந்நோய் தாண்டக்கூடும் என்ற அச்சம் மக்களிடையே பரவியது. பள்ளிக்கூடங்கள் பல, மாட்டிறைச்சியை உணவுப் பட்டியலிலிருந்து நீக்கின. அப்போதைய வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் என்ன செய்தார்? தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்ட முயன்றார். அமைச்சரே தம் குழந்தைக்குக் கொடுக்கிறார், நாம் அஞ்சுவானேன் என மக்கள் எண்ண வேண்டும் என்பதே நோக்கம். நோயுற்ற மந்தைகளை முற்றாக அழிக்க வேண்டும் என்று கோரிய லீட்ஸ் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் ரிச்சர்ட் லேசி, பீதி கிளப்புபவர் எனப் பழிக்கப்பட்டார். 1992இல் மட்டும் 36,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்ற அறிவிப்பு மட்டும் மாறவில்லை.

இதற்கு அடிப்படைக் காரணம் என்ன? உணவின் தூய்மையைக் காக்கும் பொறுப்பும், பண்ணையாளர்களின் தொழிலையும் ஏற்றுமதியையும் வளர்க்கும் பொறுப்பும் ஒரே அமைச்சகத்திடம் இருந்தன. ‘வேளாண்மை, மீன்வளம், உணவு அமைச்சகம்’ என்பது அதன் பெயர். சந்தை சரிந்தால் வருந்த வேண்டிய இருக்கையும், சந்தையை நிறுத்த ஆணையிட வேண்டிய இருக்கையும் ஒன்றாகவே இருந்தன. நோய் கண்டறியப்பட்டபின் 1987ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்கள் அதுபற்றிய செய்தியை வெளியிட அரசுக் கால்நடைத் துறைக்குள் தடை இருந்தது. 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லா கிருமியால் பாதிக்கப்பட்டதாகக் கூறினார். முட்டை விற்பனை சரிந்தது. கோழிப் பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தனர். இரண்டே வாரங்களில் அவர் பதவி விலகினார். அபாயத்தைப் பற்றி வாய் திறப்பவருக்கு என்ன நேரும் என்பதைப் பதவியில் இருந்த அனைவரும் கண்டனர்.

1996 மார்ச் 20

இளைஞர்கள் நோயுறத் தொடங்கினர். க்ராய்ட்ஸ்பெல்ட் யாக்கோப் நோய் என்னும் அரிய மூளை நோய் பொதுவாக அறுபது வயதைக் கடந்தவர்களுக்கே வரும். 1995 மே மாதம் 19 வயது இளைஞர் ஒருவர் அதன் புதிய வகையால் இறந்தார். மனச்சோர்வில் தொடங்கி, நடை தளர்ந்து, நினைவிழந்து, பேச்சிழந்து, ஓராண்டிற்குச் சற்றே கூடுதலான காலத்தில் உயிரைப் பறிக்கும் நோய் அது. மருந்தில்லை. பெற்ற பிள்ளை தம்மையே அறியாமல் படுக்கையில் கிடப்பதைக் கண்ட தாய் தந்தையரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் தம் பிள்ளைகளுக்கு விஷம் கொடுக்கவில்லை. நாட்டின் அமைச்சர்கள் நல்லதென்று சொன்ன உணவைத்தான் கொடுத்தார்கள்.

1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்தார். பத்து இளம் நோயாளிகளின் பாதிப்புக்கு, 1989ஆம் ஆண்டின் தடைக்கு முன் மாட்டு நோயின் தொற்றுக்கு அவர்கள் ஆளானதே பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடும் என்று அறிவித்தார். ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் மாட்டிறைச்சியின் ஏற்றுமதியை உலகெங்கும் தடை செய்தது. 30 மாதங்களுக்கு மேற்பட்ட மாடுகள் மனித உணவுக்கு ஆகாதென விலக்கப்பட்டன. 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன. எந்தத் தொழிலைக் காப்பதற்காக உண்மையை மென்று விழுங்கினார்களோ, அந்தத் தொழிலே அதனால் நாசமடைந்தது.

பிரிட்டனில் இதுவரை 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதி செய்யப்பட்டுள்ளது. இப்புதிய வகை நோயால் அந்நாட்டில் இறந்தவர்கள் 178 பேர். இரத்த தானத்தின் மூலமும் தொற்று பரவக்கூடும் என்பதால், பிரிட்டனில் குறிப்பிட்ட காலம் தங்கியவர்களிடம் இரத்தம் பெறுவதைப் பல நாடுகள் நிறுத்தின. அமெரிக்கா இவ்விதியை நீக்கியது 2022இல்தான்.

விசாரணை சொன்ன உண்மை

நீதிபதி பிலிப்ஸ் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு 2000 அக்டோபரில் பதினாறு தொகுதிகள் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. அமைச்சர்கள் மக்களிடம் பொய் சொல்லவில்லை, ஆபத்து மிகக் குறைவு என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள் என்று அது கூறியது. ஆனால் மக்கள் பீதியடைந்துவிடுவார்களோ என்ற கவலையே அவர்களை ஆட்கொண்டிருந்தது. அதனால் ஆறுதல் சொல்வதையே பணியாகக் கொண்டார்கள். அது பெரும் தவறு என அறிக்கை தீர்ப்பளித்தது. 1996இல் உண்மை வெளிப்பட்டபோது, தாங்கள் ஏமாற்றப்பட்டதாகவே மக்கள் உணர்ந்தார்கள்.

நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இது. தீய எண்ணம் கொண்டவர்களால் மட்டுமே தீங்கு விளைவதில்லை. தீங்கு உண்டு என்பதற்குச் சான்றில்லை என்பது வேறு. தீங்கில்லை என்பதற்குச் சான்று உண்டு என்பது வேறு. முன்னதைக் கையில் வைத்துக்கொண்டு பின்னதைச் சொன்னதே அவர்கள் செய்த பிழை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது நம் மார்க்க அறிஞர்கள் பேணிவந்த ஒழுக்கம். ஆட்சியாளருக்கும் அது தேவை.

பிரிட்டன் பாடம் கற்றது. 2000 ஏப்ரலில் உணவுத் தர முகமை என்னும் தனி அமைப்பு தொடங்கப்பட்டது. அது வேளாண் அமைச்சருக்குக் கட்டுப்பட்டதன்று. அதன் நிர்வாகக் குழு பொதுமக்கள் முன்னிலையில் கூடுகிறது. தன் ஆலோசனைகளை வெளியிடுகிறது. 2001இல் பழைய அமைச்சகமே கலைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2002இல் தனி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தது.

ஆயினும் கண்காணிப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 வகை மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்தது. பத்து வகைகளில் குதிரையின் மரபணுவும், 23 வகைகளில் பன்றியின் மரபணுவும் இருந்தன. மாட்டிறைச்சி என்று எழுதப்பட்டதை நம்பி வாங்கியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். சோதித்தவர்கள் இருந்ததால் அது வெளிப்பட்டது.

நமக்குரிய படிப்பினை

இச்செய்தியைக் கேட்டு, நாம் ஹலாலான இறைச்சியைத்தானே உண்கிறோம் என்று அமைதியடைய முடியுமா? பிரிட்டனில் முறைப்படி அறுக்கப்பட்ட மாடுகளும் அதே தீவனத்தைத் தின்றே வளர்ந்தன. கத்தியின் கூர்மையும் அறுப்பவரின் பக்தியும் தீவனத்தொட்டியில் விழுந்ததைக் காட்டித் தருவதில்லை. அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணியை ‘ஜல்லாலா’ என்று குறிப்பிட்டு, அதைக் கட்டிவைத்துத் தூய தீவனம் கொடுத்த பின்னரே உண்ண வேண்டும் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. அந்த நாட்கணக்கு இந்நோயைத் தீர்க்காது என்பது உண்மைதான். ஆனால் இப்பிராணி எதைத் தின்றது என்னும் கேள்வியை அந்நூல்கள் கேட்கக் கற்றுத்தந்தன. ஹலாலாக இருப்பதோடு தூய்மையானதாகவும் இருக்க வேண்டும் என்பதை நாம் எத்தனை முறை மறந்துவிடுகிறோம்!

ஆகவே சகோதரர்களே! பண்ணை வைத்திருப்போர் நோயுற்ற பிராணியை மறைத்து விற்காதிருப்பது அமானிதம். இறைச்சி விற்போர் அது வந்த வழியை அறிந்திருப்பது அமானிதம். அதிகாரத்தில் இருப்போர், விற்பவரின் வருத்தத்திற்கு அஞ்சி உண்பவரிடம் உண்மையை மறைக்காதிருப்பது அவற்றினும் பெரிய அமானிதம். நமக்கும் ஒரு பங்கு உண்டு. எச்சரிப்பவரைப் பீதி கிளப்புபவர் என்று விரட்டாமல், அவர் சொல்வதற்குச் செவிசாய்த்து, சான்றைக் கேட்டு, பொறுப்பாளர்களிடம் பதில் கோருவதே அப்பங்கு. தானியக் குவியலின் மேற்புறம் எப்போதும் உலர்ந்தே இருக்கும். உள்ளே கைவிட்டுப் பார்ப்பவர் இருந்தால்தான் ஈரம் தெரியும்.

நம் உணவையும் உழைப்பையும் தூய்மையாக்கி, ஒப்படைக்கப்பட்ட பொறுப்புகளை நேர்மையுடன் நிறைவேற்றும் நல்லடியார்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.